பெட்ஷீட்டில் பழகிய பனி

பிரதீப்,

இந்தக் கடிதத்தை நீ புறப்படுவதற்கு முன்பே எழுதி உன் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். அப்போது எனக்குக் காலுறைகளை அடுக்கவும், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கவும்தான் நேரம் இருந்தது. உன் அப்பா வேனில் சாய்ந்துகொண்டு, "உங்கம்மாவ விட்டா பிளேன் டயரையும் அமுக்கிப் பாத்துட்டுத்தான் ஏத்துவா" என்று சொன்னதும் நீ சிரித்ததும் நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன். ஆனால் டயரைப் பார்க்க விட்டிருந்தால் பார்த்திருப்பேன்தான்.

இன்று சனிக்கிழமை. ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்களை உட்கார வைக்கும் அந்தச் சுழல் கதிரையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடிக்கிற சத்தம் மேல்மாடி வரைக்கும் வருகிறது. என் போனில் இப்போது இரண்டு ஊர்களின் வானிலை இருக்கிறது. கண்டியை யார் பார்க்கிறார்கள்? காலையில் கண் விழித்ததும் ஹொக்கைடோவில் உன் மலையில் எவ்வளவு பனி என்றுதான் பார்க்கிறேன். நாளைக்கு அங்கே வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் என்று காட்டுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தொடர்ந்து வெயில் என்றாலும் சமாளிக்கலாம், தொடர்ந்து மேகம் என்றாலும் சமாளிக்கலாம்.

நீ வியாழக்கிழமை போன் எடுத்ததும் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, எல்லாம் வெளுத்துப்போச்சு."

"என்னடா வெளுத்துப்போச்சு? முகமா? காய்ச்சலா?"

"ஐயோ அம்மா. படம். பனியே இல்ல படத்துல. கறுப்பு ஜாக்கெட் போட்ட குடும்பம் ஒண்ணு வெறுந்தாள்ல நிக்கிற மாதிரி இருக்கு."

"நான் சொன்னத வச்சியா?"

"வச்சேன். நீ ஒட்டி விட்டத அப்படியே வச்சேன்."

அதற்குப் பிறகு நீ மெதுவாகச் சொன்னாய். பனியில் விளையாட வரும் குடும்பங்களைப் படம் எடுத்து, மாலையில் ஹோட்டல் கவுண்டரில் விற்கிற வேலை. அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றையும் யாரும் வாங்கவில்லை. கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மா கோபப்படவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை பார்க்கலாம், அப்போதும் சரிவராவிட்டால் ஊருக்கு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்று தன்மையாகச் சொன்னாராம். தன்மையாகச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள். உனக்கும் அது தெரிந்திருந்தது. உன் குரலில் இருந்தது.

அதைக் கேட்டுவிட்டு நான் செய்த காரியத்தைப் பார். "அப்ப ஒண்ணு வை. இல்ல, வெயில்னா ஒண்ணரை வை. பக்கத்துல நின்னா ஒண்ணுமே வைக்காத" என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ "சரிம்மா" என்றாய். அந்தச் "சரிம்மா"வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே போகும்போது, வாய் நிறைய வைத்துக்கொண்டு விழுங்காமல் நீ தலையாட்டுவாயே, அதே "சரிம்மா." போனை வைத்த பிறகுதான், உனக்கு நான் திரும்பவும் எண்களையே ஊட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நான் கொஞ்சம் நிதானமாக இருக்கிறேன்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், நீதான் காரணம். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது உங்கள் பள்ளிக்கூடத்து வகுப்புப் படங்களை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கவுன், பின்னால் வெள்ளையடித்த சுவர். நான் கமராவை நம்பி அழுத்திக்கொண்டே போனேன். பின்னேரம் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போது நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அம்மா, எல்லாரும் மாக்கட்டி டஸ்டர் அடிச்ச மாதிரி இருக்காங்க" என்றாய். உண்மைதான். ஒரு வகுப்பே அழுக்குச் சட்டையோடு நின்றது. முகங்களோ அதைவிட இருட்டு.

கமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. உலகம் எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறது. ஒரேயடியாக வெள்ளையைக் காட்டினால், 'இவ்வளவு வெளிச்சமா, ஆகாதே' என்று பயந்து குறைத்துவிடும். சட்டையும் சாம்பல், சுவரும் சாம்பல், நடுவில் நிற்கிற பிள்ளையின் முகம் கரி. அதனால் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும், பயப்படாதே, இது வெள்ளைதான், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடு என்று. மறுநாள் போய், அதிபரிடம் கெஞ்சி, எல்லா வகுப்பையும் திரும்ப நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டி வைத்து எடுத்தேன். சட்டைகள் சலவைக்குப் போய் வந்த மாதிரி வந்தன. அன்றிலிருந்து பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்தி வரும் குடும்பமோ, வெள்ளைச் சேலையில் வரும் கல்யாணப் பெண்ணோ, யார் வந்தாலும் என் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். என்னை ஒருமுறை காப்பாற்றிய எண் அது. அதனால்தான் உன்னையும் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

உன் வேலை உறுதியானதும் நான் என்ன பாடுபட்டேன். பனியையே காணாத ஒருத்தி, பனியையே காணாத ஒருவனுக்குப் பனியில் படம் எடுக்கப் பழக்க வேண்டும். கடைசியில் கீழ்க்கடை மர்லியா ராத்தாவிடம் போய் நின்றேன். கெஸ்ட் ஹவுஸ்களின் துணிகளை வெளுத்து மொட்டைமாடியில் காயப்போடுகிறார்களே, அந்த மாடியை ஒரு காலை நேரத்துக்குக் கேட்டேன்.

"பனி பழக என்ட பெட்ஷீட்டா கெடச்சிச்சி ஒங்களுக்கு?"

"வேற எங்க ராத்தா இவ்வளவு வெள்ளை இருக்கு?"

"அது சரி. ஆனா பனியில இந்தக் கறையெல்லாம் ஈக்காதே" என்று ஒரு மஞ்சள் கறையைக் காட்டிவிட்டு, கறை இல்லாத விரிப்புகளாகப் பார்த்து முன்வரிசையில் தொங்கவிட்டார். கீழேயும் இரண்டைப் பரப்பச் சொன்னார். அப்பாவுக்குக் குளிர் ஜாக்கெட் மாட்டி, பெட்ஷீட் காட்டின் நடுவில் நிறுத்தினோம். கண்டி வெயிலில் அந்த மனுசன் வேர்த்து ஊற்ற ஊற்ற, "ஹொக்கைடோ குளிருது" என்று கையைத் தேய்த்துக் காட்டினார். நீ எடுத்தாய். கூட்டாமல் எடுத்தபோது சாம்பல் விரிப்பு. ஒன்று கூட்டியபோது பரவாயில்லை. ஒன்றே முக்காலுக்குக் கிட்ட வந்ததும் விரிப்பு வெள்ளையாகி, அதன் மடிப்புகளும் தெரிந்தன. ராத்தா எட்டிப் பார்த்து, "இந்தப் படத்த எனக்குத் தாங்கொ, கடையில மாட்டோணும்" என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. விரிப்புகள் முழுதாகத் தெரிய வேண்டும் என்று நான் உன்னைப் பின்னால் போ, பின்னால் போ என்றே விரட்டினேன். அப்பா படத்தில் ஒரு விரல் உயரம்தான். கறுப்பு ஜாக்கெட் போட்ட நாலு பேர் கிட்ட வந்து நின்று படச் சட்டத்தை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நாம் பார்க்கவே இல்லை. அப்போது மீட்டர் கறுப்பைப் பார்க்கிறது, 'ஐயோ இருட்டு' என்று தானாகவே வெளிச்சத்தை ஏற்றுகிறது. அதற்கு மேலே நீ நான் சொன்னதையும் கூட்டினால் பனி எங்கே மிஞ்சும்? வியாழக்கிழமை நடந்தது அதுதான். பிழை உன் கையில் இல்லை, நான் உன்னை நிறுத்திய தூரத்தில் இருந்தது.

இதைவிட எனக்கு உறுத்துவது புசல்லாவையில் நடந்தது. போவதற்கு முந்தின நாள் அப்பாவின் சொந்தங்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போனோமே. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூடுபனி தேயிலைச் சரிவெல்லாம் இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. "இது நல்ல சான்ஸ், எடு" என்றேன். நீ எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு வச்சு எடேன்டா. என்ன யோசன?"

"ரெண்டு வேணாம்மா. இது வெள்ளை இல்ல. சாம்பல்தான்."

"சொன்னதக் கேளு. அங்க போய் இப்படி யோசிச்சிட்டு நின்னா ஆளுங்க போயிடுவாங்க."

நீ என் பேச்சுக்கு ஒன்று எடுத்தாய், உன் எண்ணத்துக்கு ஒன்று எடுத்தாய். வியாழக்கிழமை உன் போன் வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் பால் கொட்டின மாதிரி ஒரு வெறுமை. உன்னுடையதில் தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போகின்றன, கடைசி வரிசையில் கூடை சுமந்து நிற்கிற ஒரு பெண்ணின் உருவம்கூடத் தெரிகிறது. அவளை அன்றைக்கு நான் காணவே இல்லை. நீ கண்டிருக்கிறாய். கண்டதால்தான் நின்றிருக்கிறாய்.

அன்று வீட்டுக்கு வந்ததும், மருந்துப் பெட்டியில் இருந்த வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, "வெள்ளை என்றால் +2" என்று எழுதி, கமராவின் முதுகில் ஒட்டிவிட்டேன். முக்கால், கால் என்றெல்லாம் எழுதினால் குழம்பிவிடுவாய் என்று முழு எண்ணாக்கினேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரித்தான் ஒட்டினேன் பிரதீப். நான் இல்லாத இடத்தில் அது இருக்கட்டும் என்று.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். உன்னை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் நான். இப்போதும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போனால் அக்காவும் தம்பியுமா என்று கேட்கிறார்கள், நீ வெட்கப்பட்டு நாலடி தள்ளி நடக்கிறாய். அம்மாவாக இருப்பதை எனக்கு யாரும் சாவகாசமாகச் சொல்லித்தரவில்லை. அதனால் பிடித்துக்கொள்ள எண்கள் வேண்டியிருந்தன. எத்தனை கரண்டி பால்மா, எத்தனை டிகிரி காய்ச்சல், எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும். ஸ்டூடியோவும் அப்படித்தான் எனக்குப் பழகியது. அங்கே வெளிச்சம் நான் சொன்னபடி கேட்கும், வைத்த இடத்தில் நிற்கும். நீ போயிருக்கிற இடத்தில் அது நிற்காது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ போனில் "டிக்கெட்" என்றதும், ஒரே ஒரு கணம், எனக்குள் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. வந்துவிடுவான், அடுத்த வாரமே இந்தக் கதிரையைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று. உடனே வெட்கப்பட்டேன். நீ அங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. அதனால் இனி எழுதுவதை, நீ அங்கே நிலைக்க வேண்டும் என்று விரும்புகிற அம்மா எழுதுகிறாள். மற்றவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே போ. ஒருவரும் நிற்காத வெறும் பனியைக் கமராவுக்குக் காட்டு. எவ்வளவு கூட்டினால் அது வெள்ளையாகவும் இருக்கிறது, அதன் மேல் கிடக்கிற காலடிக் குழிகளும் தெரிகின்றன என்று பார். எண்ணை நான் சொல்லமாட்டேன். ஸ்கிரீனை நம்பாதே, பனி கண்ணைக் கூசும் இடத்தில் எந்தப் படமும் இருட்டாகத்தான் தெரியும், நீ இன்னும் கூட்டுவாய். வெளிச்சத்தைக் கோடு கோடாகக் காட்டும் அந்த வரைபடத்தைப் பார். அதில் உள்ள மேடு வலப்பக்கச் சுவருக்குக் கிட்ட வரலாம், சுவரில் ஏறக்கூடாது. சரியாக வந்ததும் மீட்டரைக் கழற்றிவிடு, கையால் வைக்கும் மனுவலில் போட்டு அப்படியே பூட்டி வை. அதற்குப் பிறகு கறுப்பு ஜாக்கெட் வரட்டும், வெள்ளை ஜாக்கெட் வரட்டும், கிட்ட நிற்கட்டும், தூரத்தில் நிற்கட்டும், பனி பனியாகவே இருக்கும். மேகம் வந்தால் மட்டும் மறுபடி வெறும் பனியிடம் போ. இதை நான் மாடியிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கே நேற்றுத்தான் ராத்தாவின் விரிப்புகளோடும் அப்பாவின் ஜாக்கெட்டோடும் திரும்பச் செய்து பார்த்தபோது தெளிந்தது. அப்பா மறுபடியும் வேர்த்தார்.

நிழல்கள் நீலமாக வந்தால் பயந்து திருத்தாதே, வானத்தின் நிறம்தான் அது. பிள்ளைகள் முகத்தை மட்டும் மறக்காதே. வாங்குகிறவர்கள் பனியை வாங்குவதில்லை, பனியில் சிரிக்கிற தங்கள் பிள்ளையைத்தான் வாங்குகிறார்கள். மேலதிக பேட்டரியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வை, குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். உள்ளே போகும்போது கமராவைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போ. வெளியே இருந்த குளிரோடு சூட்டுக்குள் வந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். காலுறை இரண்டு போடு. இது மட்டும் எண்ணாகவே இருக்கட்டும்.

அந்தப் பிளாஸ்டரை உரித்துப் போட்டுவிடு தம்பி.

நேற்று இவ்வளவையும் எழுதிவிட்டு, அப்பா கீழே நின்று வேன் ஹோர்னை அடித்ததால் அப்படியே வைத்துவிட்டுப் போனேன். இரவோடு போனில் உனக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். வீட்டில் கரண்ட் இல்லை, தாள்களை ஸ்டூடியோவில் மறந்துவிட்டேன். காலையில் எழுந்தபோது உன் மலையில் ஏற்கெனவே பொழுது நன்றாக ஏறிவிட்டிருந்தது. இனி அனுப்பி என்ன? வானிலையைப் பார்த்தேன், மேகம். கொஞ்ச நேரத்தில் வெயில். மறுபடி மேகம். அப்பா போனை என் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

இப்போது ஞாயிறு பின்னேரம். ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டேன். சற்று முன்புதான் உன் படம் வந்தது. ஒரு வார்த்தையும் இல்லாமல் படம் மட்டும். வெறும் பனி, ஒரு கையகலம். காற்று வரைந்த மெல்லிய வரிகள்கூட அதில் தெரிந்தன. அதன் நடுவில் மஞ்சளாக ஏதோ ஒரு துண்டு கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. நான் வெள்ளை என்று நினைத்து ஒட்டிய பிளாஸ்டர், உன் பனிக்குப் பக்கத்தில் பழைய பல் மாதிரி மஞ்சளாக இருந்தது.

நான் உன்னை அழைக்கும் முன்பே நீ அழைத்துவிட்டாய்.

"பாத்தியா?"

"எப்படா உரிச்ச?"

"வெள்ளிக்கிழமையே. நீ கவலப்படுவியேன்னு சொல்லல. நேத்தெல்லாம் போய் சும்மா பனிய மட்டும் எடுத்துப் பாத்தேன்மா. ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரி இருக்கு."

"இன்னைக்கு?"

"நிறைய வித்துச்சு. அந்தம்மா கவுண்டர் சாவியக் குடுத்து, நாளைக்கு நீ வந்து தொறன்னு சொல்லிட்டாங்க."

நான் அந்தச் சுழல் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றினேன். நீ, "அம்மா, இருக்கியா? அழுவுறியா?" என்றாய். பிறகு, "ஏதோ எழுதுறன்னு அப்பா சொன்னாரே, முடிச்சிட்டியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். முடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பாய். இருப்பதையெல்லாம் நீ நேற்றே கண்டுபிடித்துவிட்டாய்.

ஆனாலும் அனுப்புகிறேன். பிந்தி வந்தாலும் அம்மாவின் கடிதம்தானே. இந்தத் தாள்களை மேசையில் பரப்பி இப்போதுதான் போனில் படம் பிடித்தேன். வெள்ளைத் தாள், மீட்டர் பயந்துவிட்டது, எல்லாம் சாம்பலாக வந்திருக்கிறது. வழக்கமாக என் விரல் தானாகப் போய்க் கூட்டிவிடும். இன்றைக்கு நான் தொடவில்லை. வந்தபடியே அனுப்புகிறேன். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று நீயே பார்த்துக் கூட்டிக்கொள்.

அம்மா